பழைய சிவிக்கில் சிலிக் டயர்: மூன்று ஞாயிறுகளின் கணக்கு

என்னுடையது 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக், ஈகே3 செடான். 1500 சிசி, மூன்று கட்ட விடெக் எஞ்சின், தாளில் 130 குதிரைவலு. அதில் எத்தனை குதிரை இன்னும் உயிரோடு இருக்கிறதோ. கிழமை நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போவது இதில்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மாவை பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிப்போவதும் இதில்தான். கூண்டு கட்டி, பின்சீற்றைக் கழற்றிய ரேஸ் கார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏசி வேலை செய்கிறது. டாஷ்போர்டில் பிள்ளையார் இருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025இல். இடைப்பட்ட காலத்தில் எங்கள் ஊரில் பழைய கார் எல்லாம் காணித்துண்டு மாதிரி விலை ஏறிவிட்டது. நான் வாங்கிய விலைக்கு இப்போது இதன் பாதியைக்கூட வாங்க முடியாது. ஆகவே இதை உடைத்தால் வீட்டில் பேச்சு விழும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் சிலிக், அதாவது கோடே இல்லாத ரேஸ் டயர், போட்டேன் என்று கேட்டால், ஆசைதான். வேறு காரணம் இல்லை.

கறுப்புப் பலகை

முதல் செட் பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. அங்கே ஒரு சந்துக்குள் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான்களுக்கு நடுவே நான்கு சிலிக் அடுக்கிக் கிடப்பதாகக் கூட்டாளி ஒருவன் படம் அனுப்பினான். அளவு 200/580ஆர்15. ரேஸ் டயரில் அளவு எழுதும் முறை வேறு: முதல் எண் அகலம், இரண்டாவது டயரின் முழு விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். தெருவில் நான் ஓடுவது 195/50ஆர்15. அதன் விட்டம் 381உடன் பக்கச்சுவர் இரண்டுக்கும் 195 சேர்த்து 576. நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கியர் விகிதமும் கெடாது, மட்காட்டுக்குள்ளும் அடங்கும். கடவுளே கொண்டுவந்து வைத்த டயர் என்று நினைத்துக்கொண்டேன்.

சிலிக்கில் கோடு இல்லை. தேய்மானம் பார்ப்பதற்கென்று ஊசித்துளை மாதிரிச் சிறு குழிகள் இருக்கும். குழிகள் ஆழமாகவே இருந்தன. பக்கச்சுவரில் தெருப் பாவனைக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, நியாயம்தான். கடைக்காரர் துணியால் துடைத்துக் காட்டினார், பளபளத்தது. புது செமி சிலிக் (தெருவிலும் ஓடக்கூடிய, கொஞ்சமாகக் கோடு போட்ட டயர்) ஒன்றின் காசுக்கு நான்கும் என் டிக்கியில் ஏறின. சரியாகச் சொன்னால் டிக்கியில் இரண்டு, பின்சீற்றில் இரண்டு, சீற் பெல்ட் போட்டு.

ஏமாந்தது அடுத்த ஞாயிறுதான் தெரிந்தது. கட்டுக்குருந்தவில் போட்டி இல்லாத ஒரு பயிற்சி நாள். கொழும்பிலிருந்து காலி வீதியால் தெற்கே போய், களுத்துறைப் பாலம் தாண்டினால் சற்றுத் தூரத்தில் வரும் பழைய விமான ஓடுதளம் அது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமாக இருந்தது. கப்பலுக்குப் பேர் வைப்பதுபோல அதற்கு எச்.எம்.எஸ். உகுஸ்ஸா என்று பேர் வைத்திருந்தார்கள். உகுஸ்ஸா என்றால் சிங்களத்தில் பருந்து. அன்று என் சிவிக் பருந்தாகவில்லை. தெரு டயரில் ஓடிய என் சொந்த நேரத்தைவிட சிலிக்கில் 1.4 விநாடி பிந்தினேன். எத்தனை சுற்று ஓடியும் டயர் சூடேறி ஒட்டவில்லை. முன்பக்கம் வளைவில் நேரே நேரே போனது.

ஹொரணைப் பக்கம் இறப்பர் தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவுக்கார அண்ணா ஒருவர் இருக்கிறார். கடினமானி கொண்டுவந்து குத்திப் பார்த்தார். இறப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் காட்டும் கைக்கருவி அது. என் தெரு டயர் 66 காட்டியது. சிலிக் 71.

“தம்பி, இது டயர் இல்லை, கறுப்புப் பலகை” என்றார்.

இறப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் காலப்போக்கில் வெளியேறிவிடுகிறது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் உள்ளே புதிய பிணைப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. குழி ஆழமாக இருந்தால் இறப்பர் மிச்சம் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அந்த இறப்பர் உயிரோடு இருக்கிறதா என்று குழி சொல்லாது. பாவித்த சிலிக் வாங்கப் போகிறவர் வேறு எதைக் கொண்டுபோகாவிட்டாலும் கடினமானி ஒன்றைக் கொண்டுபோகட்டும். அதுவும் இல்லையென்றால் நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். நல்ல சிலிக்கில் நகத்தின் தடம் பதிந்து, மெல்ல மறையும். என்னுடையதில் நகம்தான் வளைந்தது.

இரண்டாவது செட்டை ரேஸ் காரை விற்றுவிட்டு வெளிநாடு போக இருந்த ஒருவரிடம் வாங்கினேன். அதே அளவு. இரண்டு ஓட்டம் மட்டுமே பாவித்து, கறுப்புப் பொலிதீனில் சுற்றி, இருட்டறையில் வைத்திருந்தார். கடினம் 54. விலை முதல் செட்டின் இரண்டரை மடங்கு. பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

ரிம்மும் நட்டும்

சிலிக்குக்குத் தனி ரிம் செட் வேண்டும். தெருவில் சிலிக்கோடு ஓடிப் போக முடியாது; தெரு டயரில் போய், மைதானத்தில் மாற்றி, மறுபடி தெரு டயரில் திரும்ப வேண்டும். நான் எடுத்தது 15க்கு 7 அங்குல அலோய், நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம், ஓப்செட் 35. ஓப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில்; குறைந்தால் சில்லு வெளியே வரும். சிவிக்கின் சொந்த ஓப்செட் 45. ஆகவே அகலம் கூடிய ரிம்மும் குறைந்த ஓப்செட்டும் சேர்ந்து டயரை வெளியே தள்ளும். கொஞ்சம் வெளியே வந்தால்தான் உள்ளே சஸ்பென்ஷனில் முட்டாது.

இங்கே இரண்டு சின்னச் சாமான்கள் பெரிய வேலை காட்டின.

முதலாவது மையத்து வளையம். வெளி ரிம்மின் நடுத்துளை 73.1 மில்லிமீட்டர், ஹொண்டாவின் ஹப் (சில்லு உட்காரும் மையம்) 56.1. நடுவில் போடும் வளையத்தைக் கடையில் பிளாஸ்டிக்கில் தந்தார்கள். பத்துச் சுற்று வேகமாக ஓடி, பிரேக் நன்றாகச் சூடான பிறகு கழற்றிப் பார்த்தால் இடியப்பத் தட்டு மாதிரி வளைந்திருந்தது. அலுமினிய வளையம் வாங்கினேன்.

இரண்டாவது நட். ஹொண்டாவின் சொந்த நட் உட்காரும் முகம் உருண்டையானது. வெளி ரிம்களின் துளை 60 பாகை கூம்பு. உருண்டையைக் கூம்பில் போட்டு இறுக்கினால் இறுகும், டோர்க் ரென்ச்சும் கிளிக் என்று சொல்லும். ஆனால் தொட்டுக்கொண்டிருப்பது நூல் அளவு வளையம் மட்டும்தான். முதல் ஞாயிறு நான் செய்தது இதைத்தான். மூன்றாவது ஓட்டத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பழக்கத்தில் மறுபடி ரென்ச்சைப் போட்டேன். முன் இடது சில்லில் இரண்டு நட் கால் சுற்றுப் போயின. மைதானத்தில் நான் வெயிலிலும் நடுங்கிய ஒரே தருணம் அதுதான். இப்போது கூம்பு நட், 12க்கு 1.5 மரை, 108 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டம் முடிந்து சில்லு ஆறியதும் கட்டாயம் ஒருமுறை திரும்ப இறுக்குவேன்.

டயரை ரிம்மில் ஏற்ற இரண்டு கடைகள் மறுத்துவிட்டன. சிலிக்கின் பக்கச்சுவர் விறைப்பானது, ரிம் கீறினால் சண்டை வரும் என்று பயம். மூன்றாவது கடைக்காரர் ஏற்றினார். பலன்ஸ் பார்க்கும்போது ஒரு டயருக்கு 140 கிராம் ஈயம் கேட்டது மெஷின். டயரில் பிழை இல்லை. மேலே ஒட்டியிருந்த பழைய இறப்பர்த் துணுக்குகள்தான் பிழை. சூடான சிலிக் ஓடுபாதையில் கிடக்கும் துணுக்கு, மணல், எல்லாவற்றையும் அள்ளி ஒட்டிக்கொள்ளும். ஹீட் கன்னால் இளக்கி, அகலத் தகட்டால் சுரண்டி எடுத்தேன். ஒரு டயருக்கு ஒரு மணித்தியாலம். மொட்டைமாடியில் செய்தேன், கீழ்வீட்டு அன்ரி எதை எரிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டார். சுரண்டிய பிறகு 35 கிராமில் முடிந்தது.

உரசலைப் பார்க்க மட்காட்டின் உள்ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் பூசிவிட்டு, வெறும் தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஓடிப் பார்த்தேன். பெயின்ட் அழிந்த இடத்தில் தட்டி மடித்தேன். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஊசி சொன்ன கதை

சிலிக் ஏன் பிடிக்கிறது என்பதற்கு, கோடு இல்லாததால் தரையில் படும் இறப்பர் கூடுகிறது என்பார்கள். அது பாதிக் கதை. கோடு போட்ட டயரில் ஒவ்வொரு கட்டியும் தனித்தனியாக வளைந்து நெளியும். நெளிவதால் சூடாகும், சூட்டில் பிய்யும். கோடு இல்லாவிட்டால் நெளிய ஆள் இல்லை. அதனால் மிக மென்மையான இறப்பரைத் துணிந்து போட முடிகிறது. ஃபோர்முலா 1இல் 1971 ஸ்பானியப் போட்டிக்கு ஃபயர்ஸ்டோன் முதல் தடவையாகக் கோடில்லாத டயரைக் கொண்டுவந்தபோது நடந்ததும் இதுதான். ஆனால் அந்த இறப்பர் 80 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் வேலை செய்யும். ஆறியிருக்கும்போது தெரு டயரைவிட மோசம்.

இதை நான் வாசித்துத்தான் இருந்தேன். வாசித்தது காலுக்குத் தெரியவில்லை. இரண்டாவது ஞாயிறு, புது செட்டோடு, முதல் சுற்றின் இரண்டாவது வளைவில் அரை வட்டம் சுற்றிப் புல்லில் நின்றேன். முன்சில்லால் இழுக்கும் கார் என்பதால் முன் டயர் முதலில் சூடாகும், பின் டயர் ஆறுதலாகத்தான் வரும். முன்பக்கம் பிடித்துக்கொண்டு திரும்ப, பின்பக்கம் ஐஸ் மாதிரி ஓடிவிட்டது. இப்போது இரண்டு சுற்று முழுக்கப் பொறுமையாக, பின் டயருக்கும் வேலை கொடுத்துவிட்டுத்தான் விரட்டுகிறேன். நுவரெலியா மகாகஸ்தொட்டவில் 1934இலிருந்து மலையேற்றப் போட்டி நடக்கிறது. அங்கே சிலிக் போட்டுப் பார்க்கலாமே என்று கூட்டாளி ஒருநாள் கேட்டான். அந்தக் குளிரில், தொடங்கிய கையோடு முடிந்துவிடும் ஓட்டத்தில், என்னிடம் இருக்கும் டயர் கண் விழிப்பதற்குள் கொடி விழுந்துவிடும்.

காற்று: ஆறியிருக்கும்போது 20 பிஎஸ்ஐ போட்டேன், ஓடி வந்ததும் 26. ஆயிரத்துச் சொச்சம் கிலோ காருக்கு அந்த 26 பரவாயில்லை. ஒரு விஷயம் கொழும்புக்காரருக்காகவே சொல்ல வேண்டும். எங்கள் காற்றில் ஈரம் அதிகம், கம்பிரசர் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீர் டயருக்குள் போனால் சூட்டில் ஆவியாகி அழுத்தத்தைக் கண்டபடி ஏற்றும். ஒருமுறை நான்கு டயரிலும் 20 போட்டு, திரும்பி வரும்போது ஒன்று 26, ஒன்று 30. அன்றிலிருந்து காற்றடிக்க முதல் தொட்டியின் அடி வால்வைத் திறந்து வடிக்கச் சொல்லி நின்று பார்ப்பேன். கடைப் பையனுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு.

டயரின் சூட்டை முதலில் லேசர்த் துப்பாக்கியால் பார்த்தேன். அது மேல்தோலின் சூடு மட்டும்; வண்டி உள்ளே வந்து நிற்பதற்குள் ஆறிவிடும். பிறகு இறப்பருக்குள் இரண்டு மில்லிமீட்டர் குத்தும் ஊசி வெப்பமானி ஒன்று இரவல் கிடைத்தது. முன் வலது டயர்: வெளி ஓரம் 104, நடு 88, உள் ஓரம் 71.

அந்த மூன்று எண்ணிலும் முழுக் கதையும் இருந்தது. கார் வளைவில் சாய்கிறது. சாயும்போது டயர் தன் வெளி விளிம்பில் நிற்கிறது. உள் பாதி சும்மா சவாரி வருகிறது. நான் காசு கொடுத்தது நான்கு டயருக்கு, பாவித்தது இரண்டரை. தெரு டயரிலும் இது நடக்கும், ஆனால் அதன் பக்கச்சுவர் மென்மையானது, வளைந்து கொடுத்து ஓரளவு சமாளிக்கும். சிலிக் விறைப்பு, அது காரிடம்தான் சமாளிக்கச் சொல்லும். அப்படியிருந்தும் அன்று தெரு டயரைவிட 1.9 விநாடி முந்தினேன்.

போனில் பதிவான பக்கவிசையை வைத்து வீட்டில் கணக்குப் போட்டேன். தெரு டயரில் 0.9 ஜீ, அதாவது புவியீர்ப்பின் 0.9 மடங்கு; சிலிக்கில் 1.2. என்னோடு சேர்த்துக் கார் 1130 கிலோ, இடது வலது சில்லுகளின் இடைத்தூரம் 1475 மில்லிமீட்டர், பாரமையம் அரை மீட்டர் உயரம் என்று வைத்தால், வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகும் பாரம் சுமார் 345 கிலோவிலிருந்து 460 கிலோவாக ஏறுகிறது. நூற்றுப் பதினைந்து கிலோ கூடுதல். இரண்டு சீமெந்து மூட்டைக்கும் மேலே. அதைப் பேரிங், புஷ், போல் ஜொயின்ட் என்று சில்லைத் தாங்கும் மூட்டுகள்தான் பிரித்துத் தூக்க வேண்டும்.

தெமட்டகொடையில் நான் காரைக் கொடுக்கும் பாஸ், அதாவது மெக்கானிக், ஹட்டன் பக்கத்துக்காரர். என் காகிதத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை. காரை ஜாக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் ஆட்டினார். டொக் டொக் என்றது.

“டயர் புடிக்கும் தம்பி. புடிச்ச பாரத்த யாரு தாங்குறது?”

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தெரு டயர் ஒரு பியூஸ். பாரம் கூடினால் முதலில் வழுக்கிவிடுவது அதுதான். அது வழுக்கியதால்தான் மற்ற எல்லாமே இத்தனை காலம் தப்பித்திருந்தன. நான் பியூஸைக் கழற்றிவிட்டுக் கம்பியைப் போட்டிருக்கிறேன்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே

முன் போல் ஜொயின்ட் இரண்டும் மாற்றினோம். முன் இடது பேரிங் காலி வீதியில் 60இல் போகும்போதே முனகத் தொடங்கியிருந்தது. அதையும் அழுத்தி மாற்றினார்.

ஈகே சிவிக்கில் முன்னும் பின்னும் டபிள் விஷ்போன்: ஒவ்வொரு சில்லையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஆர்ம்கள் பிடித்திருக்கும். நல்ல சஸ்பென்ஷன்தான், ஆனால் கம்பெனி அதில் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சில்லு சாய்ந்திருக்கும் கோணம், திருத்த இடம் வைக்கவில்லை. நீளம் மாற்றக்கூடிய அப்பர் ஆர்ம் போட்டால்தான் உண்டு. முன்பு முன் கேம்பர் கழித்தல் 0.3 பாகை. இப்போது கழித்தல் 2.8. கழித்தல் என்றால் சில்லின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது. கேம்பர் மாறினால் டோவும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறும் என்பதை மறக்கக் கூடாது. நான் மறக்கவில்லை, அலைன்மென்ட் கடைப் பையன்தான் மறந்தான். கேம்பரை மட்டும் அச்சடித்துத் தந்துவிட்டான். ஐந்து நாளில் தெரு டயரின் உள் ஓரம் பூனை நக்கிய மாதிரி ஆகிவிட்டது. கேம்பர் டயரைத் தின்னும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிட வேகமாகத் தின்பது டோ. டோவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகு அதே கேம்பரில் தேய்வு தாங்கக்கூடிய அளவுக்கு வந்தது. ஆனாலும் தினமும் ஓடும் கார், கழித்தல் 2.2க்கு இறக்கியிருக்கிறேன். மைதானத்துக்குப் போகும் கிழமை மட்டும் 2.8.

பிரேக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது ஞாயிறு கடைசி ஓட்டத்தில் பெடல் பாதி வரை பஞ்சாகப் போனது. டயர் பிடித்தால் பிரேக்கை இன்னும் பிந்தி, இன்னும் பலமாக மிதிக்க முடிகிறது. அந்தச் சூடு முழுக்க கலிப்பருக்குள் இறங்குகிறது. தொட்டியில் இருந்தது டொட் 3 பிரேக் ஒயில், எப்போது ஊற்றியதென்று யாருக்கும் தெரியாது. டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140. டொட் 4க்கு 230, 155. கடலுக்கு இருநூறு மீட்டரில் நிறுத்தும் காரில் அது எவ்வளவு ஈரம் குடித்திருக்கும்! வடித்தபோது பிளேன் ரீ நிறத்தில் வந்தது. டொட் 4 ஊற்றிக் காற்றெடுத்தோம். மைதானத்துக்கு முதல் நாள் புதிதாகக் காற்றெடுப்பது இப்போது வழக்கம்.

மூன்றாவது ஞாயிறு

பெப்ரவரி. தென்மேற்குக் கரையில் மழையை ஓரளவுக்கு மறந்திருக்கக்கூடிய மாதம். மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடியோடு கொட்டும், மே வந்தால் சோளகம். சிலிக்கில் தண்ணீர் வெளியேற வழியே இல்லை. குட்டை ஒன்றில் ஏறினால் கார் படகாகிவிடும். முதல் துளி கண்ணாடியில் விழுந்தாலே உள்ளே வந்துவிட வேண்டும், இன்னொரு சுற்று என்ற பேச்சே கிடையாது.

நாலரைக்கு வெள்ளவத்தையில் கிளம்பினோம். டயர் நான்கும் ஜாக்கும் கூட்டாளியின் வானில். சீனிச்சம்பல் பாண் அம்மா கட்டித் தந்தது. ஆறரைக்கு நான்கு சில்லும் மாற்றியாயிற்று. சரளை மேல் சிலிக்கோடு ஓடாமல் இருக்க, தார் தொடங்கும் இடத்திலேயே வைத்து மாற்றினோம்.

அன்று கார் ஓடியதுதான் ஓட்டம். ஊசி வெளி ஓரம் 84, நடு 88, உள் ஓரம் 94 என்றது. நேரான பாதையில் பாரம் உள் ஓரத்தில் கூடுதலாக நிற்பதால் அது பத்துப் பாகை கூடச் சூடாக இருப்பதுதான் சரி. தெரு டயரைவிட 3.2 விநாடி குறைவு. சத்தமில்லாத வேகம் அது. தெரு டயர் கீச்சிட்டு, முனகி, இதோ விடப்போகிறேன் என்று பத்துத் தடவை சொல்லும். சிலிக் ஒன்றும் சொல்லாது. ஸ்டியரிங் பாரமாகும், பிறகு இன்னும் பாரமாகும், பிறகு ஒரு கணம் இலேசாகும். அந்த ஒரு கணம்தான் உங்களுக்குக் கிடைக்கும் அறிவித்தல்.

இரண்டாவது ஓட்டத்தின் நடுவில் நீண்ட வளைவு ஒன்றில் சிவப்பாக ஏதோ கண் சிமிட்டியது. வெயில் பட்டது என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பது சரி. அடுத்த சுற்று, அதே வளைவு, அதே சிமிட்டல். ஒயில் லைட்.

இந்த எஞ்சினுக்கு ஒயில் மாற்றினால் பில்டரோடு சேர்த்து ஊற்றுவதே சுமார் 3.3 லீட்டர். 1.2 ஜீயில் அது சம்ப்பின், அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியின், ஒரு சுவரில் ஏறி நிற்கிறது. உறிஞ்சும் குழாய் நடுவில் காற்றைக் குடிக்கிறது. தெரு டயரில் இவ்வளவு விசை இவ்வளவு நேரம் நீடித்ததே இல்லை, ஆகவே இந்த லைட் எரிந்ததும் இல்லை. மிச்ச ஓட்டத்தை நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டாவது சிமிட்டலுக்குப் பிறகும் ஒரு சுற்றுப் போனேன். ஏன் என்று பாஸ் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. 3.2ஐ 3.5 ஆக்கப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஒயில் அளவு பார்த்தோம், குறையவில்லை. சத்தம் ஒன்றும் இல்லை. தெரு டயரை மாட்டி, மூவாயிரம் சுற்றைத் தாண்டாமல், பாணந்துறையில் தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் கராஜில் பில்டரைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே மடித்திருக்கும் தாளை விரித்து, வெயிலில் பிடித்தோம். இதை எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். செலவு ஒரு பிளேட். தாளின் மடிப்புகளில் மினுமினுப்பு இருந்தது. காந்தத்தில் ஒட்டவில்லை. ஆகவே இரும்பு இல்லை, பேரிங் மெட்டல். பாஸ் ஒன்றும் பேசவில்லை, சம்ப்பைக் கழற்றத் தொடங்கினார்.

பிக் என்ட் மெட்டல், அதாவது பிஸ்டனின் ரொட் கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங், நான்கையும் எடுத்துப் பார்த்தோம். இரண்டாவதில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் ஒரு நக அளவுக்குத் தெரிந்தது. மூன்றாவதில் கீறல். கிராங்கில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எதிலும் சிக்கவில்லை. அது சிக்கியிருந்தால் கிராங்கைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு எஞ்சினையே இறக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் அளவு பார்த்து மெட்டல் செட் வாங்கி வந்தேன். டயர் வாங்கிய அதே சந்துக்குப் பக்கத்துச் சந்து. பிளாஸ்டிகேஜ் நூல் வைத்து இறுக்கி, கழற்றி, இடைவெளி பார்த்து, மறுபடி இறுக்கினார். கார் காலில் நின்றது பதினொரு நாள். பஸ்ஸில் வேலைக்குப் போனேன். அம்மா ஓட்டோவில் கோயிலுக்குப் போய், எதையும் கேட்காமல் திருநீறு கொண்டுவந்து தந்தார். கேட்டிருக்கலாம்.

மெட்டல், கஸ்கட், ஒயில், கூலி எல்லாம் சேர்த்தால் இரண்டாவது சிலிக் செட்டின் விலையைவிட அதிகம். அதற்கு மேல் போல் ஜொயின்ட், பேரிங், அப்பர் ஆர்ம், நட், வளையம். 3.2 விநாடியைப் பிரித்தால் ஒரு விநாடி என்ன விலை என்று கூட்டாளி போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது மைதானத்துக்கும் செமி சிலிக் போடுகிறேன், டோயோ ஆர்888ஆர். தெருவிலும் ஓடலாம், மழையில் அளவாக நடந்துகொண்டால் வீடு வந்து சேரலாம். சிலிக்கைவிட 1.3 விநாடி மெதுவாகத்தான் ஓடுகிறேன், லைட் எரியவில்லை. அரை லீட்டர் ஒயில் கூட ஊற்றிவிட்டு சிலிக்கிலேயே ஓடு என்று சொன்னவர்களும் உண்டு. பலர் செய்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை.

சிலிக் நான்கையும் விற்கவில்லை. காற்றைக் குறைத்து, கறுப்புப் பொலிதீனில் சுற்றி, மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். கடந்த மாதம் குத்திப் பார்த்தேன், 56. உயிர் இருக்கிறது. இன்னொரு சம்ப் பழையது ஒன்று தேடி வாங்கி, உறிஞ்சும் குழாயைச் சுற்றித் தடுப்புத் தகடும், ஒயில் உள்ளே மட்டும் வரும்படி சின்னக் கதவும் வைத்து ஒட்டச் சொல்லிப் பாஸிடம் கொடுத்திருக்கிறேன். படம் கீறியும் கொடுத்தாயிற்று. நாளை மறுநாள் வா தம்பி என்கிறார். மூன்று கிழமையாக அதே நாளை மறுநாள்தான்.